இடது சக்கரத்துப் பிராக்கெட்

கொளஞ்சிக்குப் புரியாதது இதுதான்: அவன் ஓட்டினால் உடையாத பிராக்கெட், அவன் மனைவி சிந்தாமணி ஓட்டினால் உடைகிறது.

கார் அதேதான். அவன் வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் வண்டிப்பாதையில் போய்த் திரும்புவான். டிராக்டர் டயர் பதிந்து காய்ந்த பள்ளங்களில் வேண்டுமென்றே ஏற்றி இறக்குவான். பின்னால் இரண்டு மூட்டை சிமெண்டைப் போட்டுக்கொண்டுகூட ஓட்டிப் பார்த்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. சிந்தாமணி அதே காரை முந்திரித் தோப்புக்குள் நடை வேகத்தில் ஓட்டிவிட்டு வருவாள். நிறுத்திய இடத்தில், இடது முன்சக்கரத்துக்குப் பின்னால், செம்மண்ணில் பிரேக் ஆயில் சொட்டியிருக்கும். குனிந்து பார்த்தால் பிராக்கெட் உடைந்து தொங்கும். வெல்டிங்கை ஒட்டி, கத்தியால் நறுக்கியதுபோல, எப்போதும் ஒரே இடத்தில். வலது பக்கத்தில் அதே தகட்டில் செய்த பிராக்கெட் கல்லுப்போல இருக்கும்.

இது மூன்றாவது தடவை. கொளஞ்சி காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே கேட்டான்.

"உள்ள போயி அப்படி என்னதான் பண்ற நீ?"

"பரதநாட்டியம் ஆடுறேன். ஒரு கால நீட்டிக்கிட்டு."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

பிராக்கெட் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. பிரேக் பெடலை மிதித்தால், அந்த மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆயில். ஆயில் வருவது மெல்லிய இரும்புப் பைப்பில். ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகும், இடமும் வலமும் திரும்பும். இரும்புப் பைப் அதனோடு சேர்ந்து ஆட முடியாது, ஆடினால் முறியும். அதனால் கடைசி ஒரு முழத்துக்கு ரப்பர் ஓஸ். இரும்பு முடிந்து ரப்பர் தொடங்குகிற அந்த இணைப்பைக் காரின் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு தகடு வேண்டும், உள்ளங்கையில் பாதி அளவுக்கு. அதுதான் பிராக்கெட். ஓஸ் எவ்வளவு ஆடினாலும் அந்த ஆட்டத்தை இரும்புப் பைப்புக்குப் போகவிடாமல் நிறுத்துவது மட்டும்தான் அதற்கு வேலை. அது உடைந்துவிட்டால் ஆட்டமெல்லாம் பைப்புக்குப் போகும். பைப்பில் கீறல் விழும், ஆயில் கசியும், பெடல் தரையைத் தொடும். கார் நிற்காது.

நிற்காத காரிலிருந்து சிந்தாமணியால் குதிக்க முடியாது. முந்தின வருஷம் டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்ததில் அவளுடைய இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. இரண்டு ஆபரேஷன் செய்தும் அது நீட்டின காலாகவே நின்றுவிட்டது. தடி ஊன்றி வாசல் வரை நடப்பாள். தோப்புக்கு நடக்க முடியாது. தோப்பு அவள் அப்பா அவளுக்கு எழுதிவைத்தது. ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே, மேடும் பள்ளமுமான செம்மண்ணில் எட்டு ஏக்கர் முந்திரி.

கொளஞ்சிக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன போர் மோட்டாரைப் பிரித்து, கம்பி சுற்றி, மறுபடி ஓடவைப்பான். ஓடுகிற எதையும் பிரித்துப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. அதனால் அவளுக்காக ஒரு கார் கட்டினான். சதுரப் பைப்பில் சட்டம். எஞ்சினும் சக்கரங்களும் ஸ்டீயரிங்கும் பழைய மாருதியினுடையவை. கிளட்சை இடது காலால் மிதிக்க முடியாதென்று அதைக் கியர் கம்பியோடு சேர்த்துக் கைப்பிடியாக மாற்றினான். நம்பர் பிளேட் கிடையாது. தோப்புக்குள்ளேயும் தோப்புக்குப் போகிற சொந்த வண்டிப்பாதையிலும் மட்டும் ஓடுகிற கார். அவள் முதல் நாள் உட்கார்ந்து, தானே கியர் போட்டு, தானே திரும்பி வந்தபோது, "ஆடு மேய்க்கிற கார் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிராக்கெட்டுக்கு அவன் தேர்ந்தெடுத்தது லைனர் தகடு. அரியலூர்ப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சிமெண்ட் ஆலைகளில் சுண்ணாம்புக்கல் மலைபோல் வந்து விழுகிற சரிவுகளின் உட்புறத்தில் பதிக்கிற தகடு அது. வருஷக்கணக்கில் கல் உரசினாலும் மெதுவாகத்தான் தேயும். தேய்ந்து மெலிந்தவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து ஊரெங்கும் போகும். மண்வெட்டிக்கு அதைத்தான் வைத்துப் பற்றவைப்பார்கள். ரொட்டவேட்டர் கத்திக்கு அதுதான். மாட்டுத் தொழுவத்து வாசலில் குளம்பு பட்டுத் தேயாமலிருக்க அதைத்தான் பதிப்பார்கள். ஒரு பொருளைப் பற்றி ரொம்ப உயர்வாகச் சொல்லவேண்டுமென்றால் "லைனருய்யா இது!" என்று சொல்லுகிற ஊர்.

அந்தத் தகட்டில் ஒரே கஷ்டம், டிரில் பிட் இறங்காது. முனை சிவந்து மழுங்கிப்போகும். அதனால் கொளஞ்சி ஓஸ் மாட்டும் ஓட்டையைக் கேஸ் வைத்துப் பொசுக்கி எடுத்தான். போல்ட்டுக்கு அளவாக ஓட்டை எடுக்க முடியாமல் சட்டத்தோடு வெல்டிங் வைத்தான். முதல் பிராக்கெட் தீப்பெட்டி தடிமனில் பாதி இருந்தது. கார்த்திகையில் உடைந்தது.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு, அரியலூர் தாண்டி, குன்னம் வழியாக லெப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ்ஸில் போனான். அங்கே நஜீமுதீன் லாரிப் பட்டறை வைத்திருந்தான். இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச். நஜீமுதீன் சவுதியில், தம்மாமில், நெடுங்காலம் டிரெய்லர் லாரிகளைப் பார்த்துவிட்டு வந்தவன்.

துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "ஒடஞ்சிருக்குன்னா பலம் பத்தலன்னு அர்த்தம் மாப்ள. இன்னும் தடிமனா போடு."

"ஸ்டெயின்லெஸ் போட்டா?"

"நம்மூரு வெல்டிங் ராடுக்கு அது சரியா புடிக்காது. இரும்போட சேர்த்தா ஒட்டுன எடத்துலயே விட்டுப்போகும்."

"அலுமினியம்?"

"அலுமினியத்துல டிபன் பாக்ஸ் செய்யலாம். அதுக்குத் தனி மெசின் வேணும், எங்கிட்ட இல்ல. லைனர விட ஒசந்தது என்ன இருக்கு ஒனக்கு? ஒலகமே துருப்புடிச்சுப் போனாலும் அது கெடக்கும்." பட்டறை மூலையிலிருந்து இரண்டு மடங்கு தடிமனில் ஒரு லைனர்த் துண்டை இழுத்துப் போட்டான். "இது ஒடஞ்சா நான் தாடிய எடுத்துர்றேன்."

அது முதலாவதைவிடச் சீக்கிரம் உடைந்தது.

அன்றைக்குச் சிந்தாமணி தோப்பின் கீழ்க்கோடியில், மண் எடுத்த பள்ளத்தை நோக்கிச் சரிகிற பாதையில் இருந்தாள். பெடலை மிதித்தாள், அது காற்றை மிதித்ததுபோல் கீழே போனது. கைப்பிரேக்கை இழுத்தாள். வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்து ஒரு முந்திரி மரத்துக்குள் விட்டாள். முந்திரிக் கிளைகள் தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தவை, வளைந்து கொடுப்பவை. அவை காரை வாங்கிக்கொண்டன. கொளஞ்சி ஓடிவந்தபோது இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையில் கீறல். மடியெல்லாம் உதிர்ந்த மொட்டு.

"மரம் போச்சேங்க," என்றாள் முதலில்.

அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் அதே தடித் தகட்டை மறுபடி வைத்து, இரண்டு பக்கமும் முக்கோணமாக முட்டுக் கொடுத்து, வெல்டிங்கைச் சுற்றிலும் குழைத்துப் போட்டான். இதற்குமேல் ஒரு தகட்டை எப்படிப் பிடித்துவைப்பது என்று அவனுக்குத் தெரியாது. அதுதான் இப்போது, மூன்றாவது தடவையாக, உடைந்து கிடந்தது. இந்த முறை சொட்டுவதை அவளே முதலில் பார்த்து நிறுத்தியிருந்தாள்.

நஜீமுதீனுக்குப் போன் போட்டான்.

"தாடி விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்," என்றான் நஜீமுதீன். "எனக்கு ஒண்ணும் ஓடல மாப்ள. ஒன் மேல சத்தியமா ஓடல. தங்கச்சிய ஓட்டவிடாத. அவ்வளவுதான் சொல்லுவேன்."

சிந்தாமணி பக்கத்தில்தான் இருந்தாள்; கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அண்ணன் சொல்றது சரிதான்," என்றாள். "பொங்கல் கழிச்சு பரணிதரன் வர்றாரு. குத்தகைக்குக் குடுத்துடலாம்."

பரணிதரன் தை பிறந்ததும் தோப்புத் தோப்பாகப் போய்ப் பூவைப் பார்த்து, அந்த வருஷத்துக் காய்ப்பை மொத்தமாகப் பேசி எடுக்கிற வியாபாரி. முந்தின வருஷம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேறு வழியில்லாமல் அவரிடம்தான் கொடுத்தார்கள். முந்திரியைப் பழுத்துத் தானாக விழவிட்டுப் பொறுக்கவேண்டும். குத்தகைக்காரனுக்கு அதற்குப் பொறுமை இருக்காது. ஆள் கூலி மிச்சமென்று கழியால் அடித்து உதிர்த்தார்கள். முந்திரிக்குப் பூ வருவது கிளையின் நுனியில். நுனி ஒடிந்தால் அடுத்த வருஷத்துப் பூவும் சேர்ந்து ஒடிகிறது. இன்னொரு வருஷம் அப்படி அடித்தால் தோப்பு தோப்பாக இருக்காது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"நான் போயி பாத்துக்கறேன் தோப்ப," என்றான் கொளஞ்சி.

"எதப் பாப்பீங்க? தேயிலைக் கொசு கடிச்சுக் கருகுன பூவுக்கும் வெயில்ல வாடுன பூவுக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்."

அவனுக்குத் தெரியாது. அவன் பார்வைக்கு எல்லாம் பூ.

மாட்டுப்பொங்கல் அன்று காலையில் அவள், "ஒரே ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க," என்று கேட்டாள். "எந்த மரத்துல எவ்வளவு பூ நிக்குதுன்னு தெரியாம அந்தாளுகிட்ட நான் எப்படி வெல பேசுறது? விக்கறதுக்காச்சும் பாக்கணும்ல."

பைப்பை மாற்றி ஆயில் ஊற்றியாகிவிட்டது. பிராக்கெட்தான் இல்லை. அரியலூரில் இரும்புக்கடை ஒன்றும் திறக்காத நாள். நஜீமுதீன் குடும்பத்தோடு ஒரு நிக்காஹுக்குத் திருச்சி போயிருந்தான். வீட்டில் வெல்டிங் ராடும் தீர்ந்துபோயிருந்தது. பின்கட்டில் கதவு போன ஒரு பழைய பீரோ நின்றது. கொளஞ்சி அதன் உள்தட்டை உருவி, ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்து அடித்தான். கையால் அழுத்தினாலே வளைகிற தகடு. டிரில் பிட் அதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சட்டத்திலும் இரண்டு ஓட்டை போட்டு, போல்ட்டில் முடுக்கினான். அவனுக்கே அதைப் பார்க்க அவமானமாக இருந்தது. லைனரையே நறுக்கிப்போட்ட இடத்தில் பீரோத் தகடு.

"மெதுவா. நான் கூடவே வரேன்."

கையில் ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டான். பிரேக் போனால் சக்கரத்துக்குக் கீழே போட. தான் கட்டிய காருக்குப் பக்கத்தில், அதை நிறுத்த ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்தான்.

வரிசையின் கடைசியில் நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தான். உடையவில்லை, ஆனால் வளைந்திருந்தது. "நெனச்சேன்," என்று முணுமுணுத்துவிட்டுக் குறட்டால் பிடித்து நிமிர்த்தினான். அடுத்த வரிசை முடிந்ததும் பார்த்தான். மறுபடி வளைந்திருந்தது. நிமிர்த்தினான். மூன்றாவது வரிசையிலும் அதுவே. கட்டையைத் தூக்கித் தரையில் எறிந்தான்.

"இதுவும் ஒண்ணுக்கும் ஆகாது சிந்தா. வூட்டுக்குப் போயிடலாம். என்னால முடியல."

அவள் ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி முன்னால் இருந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் நுனிக்கு நுனி பூத்திருந்தது.

"ஒடஞ்சா வெல்டிங் பக்கத்துலன்னு சொல்லுவீங்க. இது எந்தப் பக்கம் வளையுது?"

"எந்தப் பக்கம்னா... சக்கரத்துப் பக்கம்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"அப்ப என்னமோ அத இழுக்குதுல்ல?"

பிராக்கெட் உடைவதைப் பற்றிக் கொளஞ்சி எவ்வளவோ யோசித்திருக்கிறான். குலுக்கல் என்று நினைத்தான், பாரம் என்று நினைத்தான், பலம் பத்தவில்லை என்று நினைத்தான். யாரோ இழுக்கிறார்கள் என்று நினைத்ததே இல்லை. லைனர் தகடு அதைச் சொல்லவே இல்லை. கடினமான தகடு இழுத்தால் வளையாது. இழுத்த தடமும் அதில் இருக்காது. வாங்குகிற இழுப்பையெல்லாம் வெல்டிங் ஓரத்துக்குத் தள்ளிவிடும். அங்கே சூடு பட்ட தகடு கண்ணாடிபோல் ஆகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் நீண்டு, ஒருநாள் மொத்தமாக விட்டுப்போகும். தடிமன் கூடக்கூட வெல்டிங்கும் சூடும் கூடியதே தவிர வேறு ஒன்றும் மாறவில்லை. பீரோத் தகடு இழுத்த பக்கம் வளைந்தது. அவ்வளவுதான் அது செய்தது.

"நீ எப்பவும் போற மாதிரி இந்த மரத்தச் சுத்திப் போ," என்றான்.

அவள் மரத்தைத் தன் வலது பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் கடைசிவரை ஒடித்து, கிளைகளை ஒட்டி வட்டம் போட்டாள். ஓட்டுகிறவர் உட்காருவது வலது பக்கம். பூவைப் பார்க்க வேண்டுமென்றால் மரம் வலது பக்கத்தில்தான் இருக்கவேண்டும். தோப்பு முழுக்க ஒவ்வொரு மரத்தையும் அவள் அப்படித்தான் சுற்றுவாள். பாத்தி வெட்டிய தாழ்வில் இடது சக்கரம் இறங்கியது.

"நிறுத்து! ஸ்டீயரிங்க விடாத, அப்படியே புடி!"

கொளஞ்சி மண்ணில் படுத்து உள்ளே பார்த்தான். வலப்பக்கம் முழுதாக ஒடித்ததில் இடது சக்கரத்தின் பின்பாதி வெளியே போயிருந்தது. ஓஸ் மாட்டியிருப்பது அந்தப் பின்பாதியில். சக்கரம் தாழ்வில் வேறு இறங்கியிருந்தது. தொங்கிக்கொண்டிருக்கவேண்டிய ஓஸ், துணி காயப்போடுகிற கயிறு போல விறைத்து, பிராக்கெட்டைச் சக்கரத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

வண்டிப்பாதையில் அவன் ஓட்டும்போது ஸ்டீயரிங்கை ஒருமுறைகூட இப்படி ஒடித்ததில்லை. ஏரிக்கரையில் இடம் தாராளமாக இருந்தது. அகலமாக வளைத்துத்தான் திருப்புவான். அவள் இடப்பக்கம் ஒடிப்பதே இல்லை என்பதால் வலது பிராக்கெட்டுக்கு எந்த இழுப்பும் வரவில்லை.

அவன் அடியிலேயே கிடந்தான். எழுந்திருக்கவில்லை. "என்னங்க?" என்று அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணல," என்றான் அடியிலிருந்து. "மரத்தச் சுத்துன, அவ்வளவுதான்."

"அதத்தான் நானும் ஆறு வாரமா சொல்றேன்."

பரணிதரன் வந்தபோது பொங்கல் கழிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. பைக்கைத் தோப்பு வாசலில் நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார். சிந்தாமணி எதிரே மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கினார். கார் அவருக்கு எட்டடி முன்னால் நின்றது.

"என்னம்மா, ஜேசிபியா ஓட்டுற?"

"ஆமாங்க. ஒதுங்கி நின்னா நல்லது."

"பூவு நல்லா நிக்குது. போன வருசத்த விடக் கூடவே போட்டுத் தரேன்."

"போன வருசம் ஒங்க ஆளுங்க அடிச்ச அடியில மேக்கால நாலு வரிச பூக்கவே இல்லைங்க. நான் ஒவ்வொரு மரமா பாத்துட்டுத்தான் வரேன். இந்த வருசம் குத்தகை இல்ல. நானே பொறுக்கிக்கறேன்."

"நீயா? இந்தக் காலோடயா?"

"கால் எதுக்குங்க பொறுக்க? பொறுக்கறது ஆளுங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் கொளஞ்சியைப் பார்த்தார். கொளஞ்சி சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, கையில் டார்ச்சோடு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

மாலையில் நஜீமுதீன் போனில் கேட்டான். "லைனர் இல்லன்னா அப்ப எதுலதான் போட்ட?" கொளஞ்சி சொன்னான்.

பெட்டிக்கடைக்காரன்கூட வாங்குகிற இரண்டு மில்லிமீட்டர் சாதாரண மென்தகடு. வெல்டிங் கிடையாது, டிரில் போட்டு இரண்டு போல்ட், கீழே ஸ்பிரிங் வாஷர். மடிப்பை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் விளிம்பில் அடித்துக் கூர்மையாக மடிக்காமல், பென்சில் தடிமன் கம்பியின் மேல் வைத்து வட்டமாக மடித்திருக்கிறது. கூர் மடிப்பில் கீறல் பிடிக்கும். இடத்தை மூன்று விரற்கடை சக்கரத்துப் பக்கம் தள்ளியாகிவிட்டது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்தாலும் ஓஸ் தொய்ந்தேதான் நிற்கிறது. வலது பக்கத்திலும் அதேபோல் மாற்றியாகிவிட்டது. பிராக்கெட் வளையவும் இல்லை, உடையவும் இல்லை. பெடல் பாதியிலேயே பிடிக்கிறது.